ஐஎச்சி ரிப்போர்ட்டை மட்டும் நம்பி அடுத்த ஆபரேஷனுக்குச் சம்மதிக்காதீர்கள்

வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை, ராயபுரம் பக்கம் இருக்கிறவர்கள், வீட்டில் யாருக்காவது கட்டி எடுத்து பயாப்ஸிக்குக் கொடுத்திருந்தால் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். ஐஎச்சி என்பது, குறிப்பிட்ட புரதத்தைத் தேடி ஒட்டிக்கொள்ளும் ஆன்டிபாடியை எடுத்த சதையில் போட்டு, அது என்ன வகைக் கட்டி என்று பார்க்கும் சோதனை. எங்கள் அண்ணனின் வலது கை போயிருக்க வேண்டியது.

அண்ணன் காசிமேட்டில் படகு இன்ஜின் வேலை பார்க்கிறவர். முன்கையில் ரொம்ப நாளாக ஒரு கட்டி. தட்டினால் சுண்டுவிரல் வரை கரண்ட் அடித்த மாதிரி ஓடும். பக்கத்து நர்சிங் ஹோமில் எடுத்தார்கள். சதையை அவர்களே வழக்கமாக அனுப்பும் லேபுக்கு அனுப்பினார்கள். முதல் ரிப்போர்ட்டில் ‘ஸ்பிண்டில் செல் கட்டி, ஐஎச்சி செய்து பார்க்கவும்’ என்று வந்தது. அதில் தப்பில்லை. நீள நீளமான செல்கள் இருக்கிற கட்டிகள் பல வகை. சாதாரண நிறமேற்றலில் ஒன்றுக்கொன்று பார்க்க ஒரே மாதிரி இருக்கும். நரம்பு உறையில் வந்ததா, தசையில் வந்ததா என்று பிரிக்க ஆன்டிபாடி போட்டுத்தான் பார்க்க வேண்டும்.

ஐந்து ஆன்டிபாடிக்கு என்று 9,000 ரூபாய் பில் போட்டார்கள். ரிப்போர்ட்டில் நரம்பு உறையைக் காட்டும் எஸ்-100, சாக்ஸ்-10, தசையைக் காட்டும் டெஸ்மின், எஸ்எம்ஏ நான்கும் நெகட்டிவ், செல்கள் பெருகும் வேகத்தைக் காட்டும் கி-67 மட்டும் 40 சதவீதம். கீழே ‘வீரியமுள்ள நரம்புறைப் புற்றுநோயாக இருக்கலாம்’ என்று ஒரு வரி. அதைப் பார்த்த சர்ஜன், நரம்போடு சேர்த்துச் சுற்றியுள்ள தசையையும் அகலமாக வெட்டி எடுக்க வேண்டும், அப்புறம் ரேடியேஷன் என்றார். கை பிடிமானம் போய்விடும் என்றும் சொன்னார். ஸ்பேனர் பிடிக்கிற கை அது. அண்ணி அன்று முழுக்கச் சாப்பிடவில்லை.

சம்மதக் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் இன்னொரு பேத்தாலஜி டாக்டரிடம் காட்டலாம் என்று முடிவு செய்தோம். அவர் பேப்பரைப் படித்ததும் கேட்ட முதல் கேள்வி: “ஸ்லைடும் பிளாக்கும் எங்கே?” பிளாக் என்பது சதையைப் பதித்து வைத்திருக்கும் மெழுகுத் துண்டு; அதிலிருந்து சீவியதை ஒட்டிய கண்ணாடித் தகடுதான் ஸ்லைடு. அங்கேதான் விஷயம் வெளியே வந்தது. லேபில் முதலில் “பிளாக் எல்லாம் வெளியே தர மாட்டோம் சார்” என்றார்கள். எழுத்தில் கேட்டதும் பாரஃபின் பிளாக்கைத் தந்தார்கள். கூடவே வந்தவை இரண்டே ஸ்லைடுகள். ஒன்று சாதாரண நிறமேற்றல், இன்னொன்று எஸ்-100. மற்ற நான்கும் எங்கே என்றால் “டிஸ்கார்ட் பண்ணிட்டோம்” என்றார்கள். அப்படியானால் ரெஜிஸ்டரில் பதிவு இருக்குமே, அதைக் காட்டுங்கள் என்றோம். அதுவும் இல்லை. ஆன்டிபாடி நிறமே ஏற்றாத ஸ்லைடில் 40 சதவீதம் என்று யார் எண்ணினார்கள்? இன்றுவரை யாரும் பதில் சொல்லவில்லை.

இருந்த அந்த எஸ்-100 ஸ்லைடைப் பற்றி அந்த டாக்டர் சொன்னதை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். மெழுகில் பதித்த சதையை 3, 4 மைக்ரான் தடிமனில் சீவி, சூடுபடுத்தி, ஆன்டிபாடியை ஊற்றுவார்கள். அது தேடுகிற புரதம் செல்லில் இருந்தால் அந்த இடம் பழுப்பாகும், மீதி நீலமாக இருக்கும். எஸ்-100 நரம்பு உறைச் செல்லில் மட்டும் இல்லை, சாதாரண கொழுப்புச் செல்லிலும் உண்டு. அண்ணனின் ஸ்லைடில் கட்டியின் ஓரத்திலேயே கொஞ்சம் கொழுப்பு இருந்தது. அதுவும் நீலமாகவே இருந்தது. நிச்சயம் பழுப்பாக வேண்டிய கொழுப்பே பழுப்பாகவில்லை என்றால் நிறம் பிடிக்கவே இல்லை என்று அர்த்தம். அதை ‘நெகட்டிவ்’ என்று எழுத யாருக்கும் உரிமை கிடையாது. நிறம் சரியாகப் பிடிக்கிறதா என்று பார்க்கக் கூடவே ஓட்ட வேண்டிய கன்ட்ரோல் ஸ்லைடைப் பற்றி ரிப்போர்ட்டில் ஒரு வார்த்தைகூட இல்லை.

நரம்புறைப் புற்றில் பல சமயம் எஸ்-100 மங்கிவிடும், இல்லாமலும் போகும். நரம்பு உறையில் வரும் சாதுவான கட்டியான ஷ்வான்னோமாவில் கட்டி முழுக்கப் பிடிக்கும். ஆகவே சரியாகப் பிடிக்காத ஒரு நிறமேற்றல், சாதுவான கட்டியைப் புற்றாகக் காட்டிவிடும். அதிலும் செல்கள் நெருக்கமாக இருக்கிற ஷ்வான்னோமா பார்வைக்கே பயமுறுத்தக்கூடியது.

அதே பிளாக்கிலிருந்து வேறு இடத்தில் மறுபடி செய்தோம். எஸ்-100 கட்டி முழுக்க அடர் பழுப்பு. சாக்ஸ்-10 உட்கருவில் தெளிவாகப் பிடித்திருந்தது. டெஸ்மின், எஸ்எம்ஏ இல்லை. கி-67 மிகக் குறைவு. புற்று வகையில் பெரும்பாலும் காணாமல் போகும் எச்3கே27எம்இ3 என்ற அடையாளம் இதில் அப்படியே இருந்தது. எஸ்-100, சாக்ஸ்-10 இரண்டும் மெலனோமாவிலும் (நிறமிச் செல் புற்று) பிடிக்கும் என்பதால் அதற்கான எச்எம்பி-45 போட்டுப் பார்த்தார்கள்; அதுவும் இல்லை. முடிவு: ஷ்வான்னோமா, புற்று இல்லை. அண்ணனுக்கு இரண்டாவது ஆபரேஷன் தேவைப்படவில்லை. இப்போது வேலைக்குப் போகிறார்.

எல்லா லேபும் இப்படி என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஐஎச்சி கொடுக்கும்போதே என்னென்ன ஆன்டிபாடி என்று பில்லில் பெயர் பெயராக எழுதி வாங்குங்கள். கன்ட்ரோல் வேலை செய்ததா என்று ரிப்போர்ட்டில் போடச் சொல்லுங்கள். பெரிய சிகிச்சை என்றால் பிளாக்கையும் எல்லா ஸ்லைடையும் எடுத்துக்கொண்டு, தசை, கொழுப்பு, நரம்பு போன்ற மென்திசுக்களில் வரும் கட்டி அதிகம் பார்க்கிற ஒருவரிடம் காட்டுங்கள். இதற்குக் கோபப்படுகிற டாக்டரிடம் நான் போகமாட்டேன். இன்னொன்று, எடுத்த சதையை உடனே, அது கெடாமல் காக்கும் ஃபார்மலின் திரவத்தில் போதுமான அளவில் போட்டார்களா என்றும் கேளுங்கள். காய்ந்துபோன சதையில் எந்த ஆன்டிபாடியையும் நம்ப முடியாது.

லேபுக்கு வக்கீல் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறோம். பாதிப் பணம் தருகிறோம், புகார் இல்லை என்று எழுதிக் கொடுங்கள் என்று ஆள் அனுப்பினார்கள். அண்ணன் மறுத்துவிட்டார். மருத்துவ சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995-லேயே சொல்லிவிட்டது. கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை, 2 வருஷத்துக்குள் போட வேண்டும். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு மனு தயாராகிக்கொண்டிருக்கிறது. அந்த நீல ஸ்லைடும் பில்லும் வக்கீலிடம் இருக்கின்றன.