திருச்சியில் டிடிஜி டெஸ்ட் எடுத்த அனுபவம்

பர்மிங்காமிலிருந்து ஐந்து வார லீவில் திருச்சி வந்தபோது, சீலியாக் (கோதுமை, பார்லி, ரை தானியங்களில் உள்ள குளூட்டன் என்ற புரதத்தால் சிறுகுடல் பாதிக்கப்படும் நோய்) என்று தெரிந்து கோதுமையை விட்டு 14 மாதம் ஆகியிருந்தது. அந்த நோய்க்கான ரத்தப் பரிசோதனையான டிடிஜி ஐஜிஏ ஆரம்பத்தில் 100-க்கு மேல், கடைசியாக 34. அடுத்ததை ஊரிலேயே எடுத்துவிடலாம் என்று ஒரு லேபுக்கு போன் செய்தேன். அந்தப் பெண் 'கோதுமை அலர்ஜி டெஸ்ட்தானே மேடம்' என்று பதிந்துகொண்டார். அது வேறு, அலர்ஜிக்கான ஐஜிஇ என்ற எதிர்ப்பொருளைப் பார்ப்பது, சீலியாக்குக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. பழைய ரிப்போர்ட்டை வாட்ஸாப்பில் அனுப்பிய பிறகுதான் சரியானது கிடைத்தது, அதனால் போகிறவர்கள் டெஸ்ட் பெயரை எழுதியே கொடுங்கள்.

மற்றபடி சேவை அருமை. காலை ஆறரைக்கு ஒரு தம்பி ஐஸ் பெட்டியோடு ஸ்கூட்டரில் வந்து, 'பயப்படாதீங்கக்கா' என்று ஒரே குத்தில் மஞ்சள் மூடிக் குழாய் ஒன்றும் ஊதா மூடி ஒன்றும் நிரப்பிக்கொண்டு போனார். ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடலின் இரும்புச்சத்துச் சேமிப்பு), வைட்டமின் டி, பி12 எல்லாம் அன்று மாலையே வந்துவிட்டது. டிடிஜி மட்டும் சென்னைக்குப் போய் மூன்றாம் நாள் வந்தது.

38.

எனக்குக் கையே நடுங்கியது. இவ்வளவு கட்டுப்பாடாக இருந்தும் ஏறிவிட்டதா? அம்மா அதைவிடப் பதறி, அடுப்படியில் இருந்த டப்பாக்களை எல்லாம் இறக்கிவிட்டார். பெருங்காயத் தூள் டப்பாவில் பொடி எழுத்தில் 'கோதுமை மாவு' என்று இருந்தது, மூன்று வாரமாக அதுதான் ரசத்திலும் சாம்பாரிலும். அரிசி மாவும் கோதுமை அரைக்கிற அதே மில்லில் அரைத்ததுதான். இன்னொரு பக்கம், நான் சாப்பிடக்கூடிய கம்பங்கூழை, எனக்கு ஆகாத 'ரை' என்றால் கம்புதான் என்று யாரோ சொன்னதை நம்பி எனக்குத் தராமலே இருந்திருக்கிறார், பாவம். கம்பில் குளூட்டன் கிடையாது.

அப்புறம் ஒரு குடல் நோய் டாக்டரிடம் இரண்டு ரிப்போர்ட்டையும் காட்டினேன். அவர் எண்ணைப் பார்க்கவில்லை, பக்கத்தில் இருந்த அளவுகோலைப் பார்த்தார். பர்மிங்காம் லேபில் 10-க்கு மேல் பாசிட்டிவ், இங்கே 20-க்கு மேல். கிட் வேறு, அளவு வேறு, 34-ஐயும் 38-ஐயும் நேராக ஒப்பிடவே கூடாதும்மா என்றார். இறங்குகிறதா என்று பார்க்க ஒரே லேபில் எடுக்க வேண்டும், முழுதாக நார்மலுக்கு வர ஒன்றிரண்டு வருஷம்கூட ஆகலாம், ஃபெரிட்டின் ஏறியிருப்பது நல்ல அறிகுறி என்றும் சொன்னார். பெருங்காயத்தை மட்டும் உடனே நிறுத்தச் சொன்னார்.

பர்மிங்காம் திரும்பி இரண்டு மாதம் கழித்துப் பழைய லேபிலேயே எடுத்தேன், 19. அம்மாவுக்குப் போன் செய்து சொன்னால், மில்லுக்குப் போவதை நிறுத்திவிட்டு மிக்ஸியிலேயே அரிசி அரைத்துச் சலித்து டப்பாவில் என் பெயர் எழுதி வைத்திருக்கிறாராம்.