கருத்துகளை எண்ணுவதா, எழுதியவரிடமே கேட்பதா?

கோலாலம்பூரில் முதல் ஆய்வில் இறங்கும் மாணவர், பத்துமலைத் தைப்பூசக் காணொளிகளுக்குக் கீழே வரும் கருத்துகளை எடுத்துக்கொள்கிறார் என்று வையுங்கள். கருத்துகளை வகைப்படுத்தி எண்ணும் உள்ளடக்கப் பகுப்பாய்வா, எழுதியவர்களோடு நேர்காணலா?

வகுப்புத் திட்டப்பணிக்கு 300 கருத்துகள் போதும். சிக்கல் வகைப்படுத்துவதில்தான். "சூப்பர் லா, ஆனா ஜாம் தெருக்" (மலாயில் 'தெருக்' என்றால் மோசம்) என்ற ஒரே வரியில் பாராட்டும் புலம்பலும் இருக்கின்றன. எந்த வகையில் சேர்ப்பது? விதியை முன்பே எழுதிவைக்க வேண்டும். பிறகு இருவர் ஒரே 50 கருத்துகளைத் தனித்தனியாக வகைப்படுத்தி ஒப்பிட வேண்டும். இருவரும் எவ்வளவு ஒத்துப்போகிறார்கள் என்று காட்டும் கிரிப்பென்டார்ஃப் ஆல்ஃபா என்ற அளவு 0.80 வந்தால் நிம்மதி; 0.667க்குக் கீழே போனால் விதியைத் திருத்தி, வேறு 50 எடுத்து மறுபடியும் முதலிலிருந்து. சொல் தேடலை நம்ப வேண்டாம்: 'நன்றி'யையே ரோமன் எழுத்தில் நாலு விதமாக எழுதுவார்கள்.

நேர்காணல் சுலபம் என்பவர்கள் ஒலிப்பதிவை எழுத்தாக்க உட்கார்ந்ததில்லை. ஒரு மணி நேரப் பேச்சுக்கு நாலு மணி நேரமாவது போகும். தமிழும் மலாயும் கலந்தால் இன்னும் கூடும். ஆனால் "ஏன் அப்படி எழுதினீங்க?" என்பதற்குப் பதில் இங்கேதான் கிடைக்கும். நினைவிலிருந்து சொல்ல விடாமல், எழுதியவரின் கைப்பேசியிலேயே அந்தக் கருத்தைத் திறந்து வைத்துக் கேளுங்கள்.

கையில் ஒரே கல்விப் பருவம் என்றால் பகுப்பாய்வையே எடுக்கலாம். நேர்காணலுக்கு பல்கலைக்கழகத்தின் ஆய்வு நெறிமுறைக் குழுவின் அனுமதி வரவே வாரக்கணக்கில் ஆகலாம்.