தர்மபுரி கடையில் கிடைக்கும் சிப்பிக் காளான் விதை: விதை நல்லது, லேபிள் போதாது

தர்மபுரி பஸ் ஸ்டாண்டு பக்கம் விதைக் கடையில் விற்கும் கால் கிலோ பாக்கெட் இது. வேகவைத்த சோளத்தில் காளான் இழையை வளர்த்த விதை. வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால் ஒவ்வொரு மணியையும் வெள்ளை இழை மூடியிருக்கிறது. பச்சைப் புள்ளி இல்லை, அடியில் நீர் கோக்கவில்லை, பிரித்தால் புளிச்ச வாடையும் இல்லை. விதையின் தரத்தில் குறை சொல்ல இடமில்லை.

குறை லேபிளில். 'சிப்பிக் காளான்' என்பதோடு விட்டுவிட்டார்கள். எந்தச் சிப்பி? பிராக் தேசிய அருங்காட்சியகத்தில் பணியாற்றிய செக் பூஞ்சை ஆய்வாளர் ஆல்பர்ட் பிலாட் (1903–1974), சிப்பிக் காளான் இனங்கள் அடங்கிய புளூரோட்டஸ் என்னும் பேரினத்துக்கென்றே 1935இல் தனி நூல் எழுதினார். அதன் பிறகும் இனம் பிரிக்கும் வேலை ஓயவில்லை. ஒரு காலத்தில் புளூரோட்டஸ் எனப்பட்ட எல்ம் சிப்பி என்ற காளான், 1984இல் ஹிப்சிசைகஸ் என்ற வேறு பேரினத்துக்குப் போனது. இப்படி உட்கார்ந்து பிரித்தவர்களின் உழைப்பு விவசாயி கைக்கு வந்து சேருவது பாக்கெட் மேல் இருக்கும் அந்த ஒரு வரியில்தான். அதை விடலாமா?

இனம் தெரியாவிட்டால் நஷ்டம் நேரடியானது. ஆஸ்ட்ரியேட்டஸ் என்ற சிப்பி இனம் மொட்டு விடக் குளிர் வேண்டும். தளி, தேன்கனிக்கோட்டை மார்கழிக்கு அது சரி. தர்மபுரி சித்திரை வெயிலில் மொட்டே வராது. இளஞ்சிவப்பு ஜாமோர் இனம் சூடு தாங்கும், ஆனால் பறித்தால் சீக்கிரம் வாடிவிடும், அன்றைக்கே விற்றாக வேண்டும். இந்தப் பாக்கெட் எந்த இனம் என்று கடையில் கேட்டால் 'ஃபுளோரிடா' என்கிறார்கள். அப்படியானால் ஐப்பசி முதல் மாசி வரை தைரியமாகப் போடலாம். கோடைக்குப் பால் காளான்தான் தோது.

ஒரு பாக்கெட் இரண்டு படுக்கைக்கு, அதாவது வைக்கோல் அடைத்த இரண்டு பைக்கு வரும். வைக்கோலை 5 செ.மீ. துண்டாக நறுக்கி, 5 மணி நேரம் ஊறவைத்து, முக்கால் மணி நேரம் வேகவிட்டு உலர்த்துங்கள். கையில் பிழிந்தால் உள்ளங்கை ஈரமாக வேண்டும், சொட்டக் கூடாது. சொட்டினால் உள்ளே காற்றோட்டம் போய் அழுகல் பிடிக்கும். மழையில் நனைந்து கறுத்த வைக்கோல் வேண்டவே வேண்டாம்; பச்சைப் பூசணம் அதிலிருந்துதான் வருகிறது. 60×30 செ.மீ. பையில் வைக்கோலும் விதையும் மாறி மாறி ஐந்து அடுக்கு. 15 முதல் 20 நாளில் பை முழுக்க வெளுத்துவிடும்.

தயாரித்த தேதியும் பாக்கெட்டில் இல்லை. ஒரு மாதம் தாண்டிய விதை கட்டி தட்டி வீரியம் குறையும். மணிகள் உதிராமல் ஒரே கட்டியாக இறுகி, மஞ்சள் நீர் கசிந்திருந்தால் வாங்காதீர்கள்.

விதைக்கு ஐந்துக்கு நான்கு, லேபிளுக்கு ஒன்று.