போடிமெட்டு ஏறும் பிக்கப்புக்குக் கனமான டிஸ்க்கும் டயரும்: நீண்ட நாள் ஓட்டிய அனுபவம்

பாரம் ஏற்றி மலை ஏறுகிற பிக்கப்புக்கு டயர் மாற்றப் போகிறீர்கள் என்றால், அகலத்தையும் உயரத்தையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அந்த டயர் எத்தனை கிலோ தாங்கும், அதற்குத் தேவையான காற்றை உங்கள் டிஸ்க் (டயர் மாட்டுகிற இரும்புச் சக்கரம்) தாங்குமா, இந்த இரண்டையும்தான் முதலில் பார்க்க வேண்டும். போடியிலிருந்து பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பன்சோலைப் பக்கத்து ஏலத் தோட்டங்களுக்கு வேப்பம் புண்ணாக்கும் தொழு உரமும் ஏற்றிப் போகிறவன் நான். கம்பத்திலிருந்து கம்பமெட்டு வழியாகவோ குமுளி வழியாகவோ இதே வேலை செய்கிறவர்களுக்கும் இது பொருந்தும்.

வண்டி மகிந்திரா பொலிரோ பிக்கப். வாங்கும்போது வந்தது 215/75 ஆர்15 டயர். தார் ரோட்டில் அதில் எனக்குக் குறை எதுவும் இல்லை. தோட்டத்துப் பாதைதான் அதைத் தின்றது. மெயின் ரோட்டைவிட்டு இறங்கியதும் குண்டும் குழியுமாக, பாறைக்கல் துருத்திக்கொண்டு, மழைக்காலத்தில் சகதியாக இருக்கும் பாதைகள் அவை. கூர்மையான கல் டயரின் அடிப்பக்கத்தைக் குத்துவது குறைவு. பாரத்தில் டயர் பிதுங்கி நிற்கும்போது பக்கச் சுவரைத்தான் கிழிக்கும். பின் டயர் ஒன்றில் எலுமிச்சம்பழ அளவுக்கு ஒரு புடைப்பு வந்திருந்தது. உள்ளே நூல் அறுந்துவிட்டது என்று அர்த்தம். கழற்றி உள்பக்கம் கையை விட்டுத் தடவினால் அறுந்த நூல் விரலில் நெருடியது. அந்த டயரோடு மலையில் இன்னும் கொஞ்சம் ஓடியிருந்தால் ஏதாவது ஒரு வளைவில் வெடித்திருக்கும். அப்போதுதான் முழு செட்டையும் மாற்றுவது என்று முடிவெடுத்தேன்.

டயரின் பக்கத்தில் அளவுக்குப் பின்னால் 106/104 என்பது போல இரண்டு எண்கள் இருக்கும். அதுதான் லோடு இண்டெக்ஸ். முதல் எண் ஒரு பக்கம் ஒற்றை டயராகப் போடும்போது, இரண்டாவது இரட்டை டயராகப் போடும்போது. 106 என்றால் ஒரு டயர் 950 கிலோ தாங்கும், 110 என்றால் 1,060, 114 என்றால் 1,180. பக்கத்திலேயே 8 பி.ஆர்., 10 பி.ஆர்., 12 பி.ஆர். என்று இருப்பது பிளை கணக்கு. 12 பி.ஆர். என்றால் உள்ளே 12 அடுக்கு இருக்கிறது என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பழைய காலத்துப் பருத்தி நூல் டயரில் அத்தனை அடுக்குக்கு இருந்த பலம் இதில் இருக்கிறது என்பதுதான் பொருள். ரேடியல் டயரில் உண்மையான அடுக்குகள் அதைவிடக் குறைவு.

நான் போனது 7.00 ஆர்15 எல்.டி. அளவுக்கு. இதே பிக்கப் வரிசையில் கூடுதல் பாரம் ஏற்றும் மாடலுக்குக் கம்பெனியே இந்த அளவைப் போட்டு அனுப்புகிறது. பார்க்கிறவர்கள் முதலில் சொல்வது, "என்ன அண்ணே, காசு குடுத்து மெலிசான டயரப் போட்டிருக்கீங்க?" என்பதுதான். உண்மைதான், பழைய டயரைவிட இது கொஞ்சம் ஒடுக்கம். ஆனால் உயரம் அதிகம், பக்கச் சுவர் கட்டையாக நிற்கும். தோட்டத்துச் சகதியில் அகலமான டயர் மேலேயே மிதந்து வழுக்குகிற இடத்தில், ஒடுக்கமான டயர் சேற்றைக் கிழித்துக்கொண்டு அடியில் இருக்கிற கெட்டித் தரையைப் பிடிக்கிறது. இடுக்கித் தோட்டங்களில் ஓடும் பழைய ஜீப்புகளைப் பாருங்கள், எல்லாம் ஒடுக்கமான டயர்தான். மழை கொட்டும் மாதங்களில் அதிலும் சங்கிலி சுற்றிக்கொண்டு போவார்கள்.

டிஸ்க் விஷயத்தை எனக்குப் புரியவைத்தவர் போடியில் டயர் கடை வைத்திருக்கும் ஒரு அண்ணன். "தம்பி, டயர் எவ்வளவு தாங்கும்னு எழுதியிருக்கோ, அவ்வளவு காத்து அடிச்சாத்தான் அது தாங்கும். அந்தக் காத்தை உன் பழைய டிஸ்க் தாங்குமா?" என்று கேட்டார். கேட்டுவிட்டு என் பழைய டிஸ்க்கைக் கவிழ்த்துப்போட்டு, மண்ணெண்ணெய் நனைத்த துணியால் நட்டு ஓட்டைகளைச் சுற்றித் துடைத்தார். ஒரு ஓட்டையிலிருந்து வெளிப்பக்கமாக, தலைமுடி கனத்தில் துருக் கோடு ஒன்று வடிந்திருந்தது. அங்கே விரிசல் விழ ஆரம்பித்துவிட்டது, உள்ளே போன தண்ணீர்தான் துருவாக வெளியே வருகிறது என்றார். பெயின்ட் அடித்திருந்தால் அது கண்ணில் பட்டிருக்காது. நீங்களும் ஒருமுறை டிஸ்க்கைக் கழற்றித் துடைத்துப் பாருங்கள், குறிப்பாகப் பின்பக்கம் இரண்டையும்.

புது டிஸ்க் இரும்புதான், தகடு கனமானது. அலாய் (அலுமினியக் கலவை) டிஸ்க் பார்க்க அழகாக இருக்கும், எடையும் குறைவு. ஆனால் தோட்டத்துப் பாலத்துக் கல்லில் ஓங்கி இடித்தால் இரும்பு வளையும், அலாய் உடையும். வளைந்த இரும்பு விளிம்பைச் சாந்தன்பாறையில் ஒரு பட்டறையில் தட்டி நிமிர்த்தி வீடு வந்து சேர்ந்திருக்கிறேன். உடைந்த அலாயை வைத்துக்கொண்டு அங்கே ஒன்றும் செய்ய முடியாது. வாங்கும்போது நட்டு ஓட்டைகளின் வட்டம், நடு ஓட்டை, ஆஃப்செட் (சக்கரம் எவ்வளவு உள்ளே அல்லது வெளியே தள்ளி நிற்கும் என்ற அளவு) மூன்றும் பழையதோடு பொருந்த வேண்டும். ஆஃப்செட் மாறி டிஸ்க் வெளியே தள்ளி நின்றால் பேரிங்குக்குப் பாரம் கூடும், டயர் மட்கார்டைத் தாண்டி வெளியே தெரியும். கேரளத்தில் அப்படி வெளியே தெரிகிற டயரைக் கண்டால் மோட்டார் வாகனத் துறைக்காரர்கள் விடுவதில்லை.

மாட்டிய அன்றே ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் முழுக்க ஒடித்துப் பார்க்க வேண்டும். வெறும் வண்டியில் ஒருமுறை, பாரத்தோடு ஒருமுறை. பாரம் ஏறி வண்டி உட்காரும்போதுதான் டயர் மேலே உரசுகிறதா என்று தெரியும். எனக்கு உரசவில்லை. நட்டுகளை 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் திரும்ப ஒருமுறை முடுக்கினேன். புது டிஸ்க்கில் பெயின்ட் நசுங்கி நட்டு கொஞ்சம் தளர்வது வழக்கம்.

அப்புறம், ஸ்டெப்னி. நாலு டயரை மாற்றிவிட்டுப் பழையதையே ஸ்டெப்னியாக விட்டுவிடுகிறவர்கள் அதிகம். உயரம் வேறான டயரைப் பின்னால் ஒரு பக்கம் மாட்டி மலை ஏறினால், இரண்டு பின் சக்கரங்களையும் வேறு வேறு வேகத்தில் சுழலவிடுகிற டிஃபரன்ஷியல் ஓயாமல் வேலை செய்துகொண்டே இருக்கும். ஐந்தாவதும் அதே அளவாக வாங்கிவிடுங்கள்.

இனி மாற்றங்கள். 215/75 ஆர்15 டயரின் விட்டம் சுமார் 703 மி.மீ., 7.00 ஆர்15 சுமார் 750. வித்தியாசத்தில் பாதிதான் தரைக்கும் வண்டிக்கும் இடையில் கூடும், அதாவது 23 மி.மீ. போல. தோட்டத்துப் பாதையில் நடுவில் மேடு தட்டுகிற இடங்களில் அந்த அளவே எனக்குப் போதுமாக இருந்தது. ஆனால் சக்கரம் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 7 சதவீதம் அதிக தூரம் போகிறது. ஸ்பீடோமீட்டர் 60 காட்டினால் வண்டி உண்மையில் 64 போல ஓடுகிறது. கிலோமீட்டர் கணக்கும் அதே அளவு குறைவாக விழும். கனமான டயர் போட்டதும் மைலேஜ் விழுந்துவிட்டது என்று சொல்கிறவர்கள் பலர் இந்த 7 சதவீதத்தைச் சேர்த்துக் கணக்குப் போடுவதில்லை. சேர்த்துப் பார்த்தாலும் கொஞ்சம் விழத்தான் செய்கிறது, சுழல்கிற எடை கூடியிருக்கிறதே. ஆனால் பயப்படுகிற அளவு இல்லை.

எனக்கு அதிகம் உறைத்தது இழுவைதான். சக்கரம் பெரிதானதும் ஒவ்வொரு கியரும் கொஞ்சம் நீண்டதுபோல் ஆகிவிடுகிறது. முந்தல் தாண்டி போடிமெட்டு வரை 17 கொண்டை ஊசி வளைவுகள். முன்பு இரண்டாவது கியரில் திரும்பிய சில வளைவுகளில் இப்போது முழுப் பாரத்தோடு முதல் கியருக்கு இறங்க வேண்டியிருக்கிறது. கிளட்சைப் பாதி மிதித்துக்கொண்டு சமாளிக்கலாம் என்று நினைக்காதீர்கள், கிளட்ச் பிளேட்டுக்குத்தான் கேடு. இறக்கத்திலும் இதே கதை. என்ஜின் பிடிப்பு கொஞ்சம் குறைகிறது, பிரேக்கும் அதே மிதிக்குக் கொஞ்சம் குறைவாகவே பிடிக்கிறது. அதனால் இறங்கும்போது முன்பு போன கியருக்கு ஒன்று கீழே வைத்து இறங்குவதை வழக்கமாக்கிக்கொண்டேன். அடிவாரத்தில் வண்டியை நிறுத்திச் சூடான பிரேக் டிரம்மில் தண்ணீர் ஊற்றுகிறவர்களை இன்றும் பார்க்கிறேன். தயவுசெய்து ஊற்றாதீர்கள். இரும்பு திடீரென்று குளிர்ந்தால் விரிசல் விழும். சும்மா நிறுத்தி ஆறவிட்டாலே போதும்.

காற்று விஷயத்தில்தான் எங்கள் ஓட்டத்துக்கு ஒரு தனிச் சிக்கல். ஏறும்போது பாரம், இறங்கும்போது பெரும்பாலும் வெறும் வண்டி, மிஞ்சிப்போனால் போடி ஏல விற்பனைக்குப் போகிற ஏலக்காய் மூட்டை சில. பாரத்துக்கு அடித்த காற்றோடு காலி வண்டியை இறக்கினால் பின்பக்கம் துள்ளுகிறது. புலியூத்துப் பக்கம் சாலை நனைந்திருக்கும்போது வளைவில் பின்புறம் லேசாக விலகுவதை நான் உணர்ந்திருக்கிறேன். கல்லுப்போல இருக்கிற டயர் காலியாக இருக்கும்போது தரையைச் சரியாகத் தொடுவதே இல்லை. நான் முன்னால் 45, பின்னால் 65 பி.எஸ்.ஐ. காற்று வைத்து ஓட்டுகிறேன். இது என் பாரத்துக்கும் என் டயருக்குமான கணக்கு. உங்களுக்குக் கதவோரத்து ஸ்டிக்கரும் டயரில் எழுதியிருக்கும் உச்ச அளவும்தான் எல்லை. காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போதே அளந்துகொள்ளுங்கள். ஓடிச் சூடான டயரில் அளவு கூடத்தான் காட்டும். அதைப் பார்த்துக் காற்றை இறக்கினால் மறுநாள் காலையில் குறைவாக இருக்கும், பாரத்தில் பக்கச் சுவர் மடங்கிச் சூடேறிக் கிழியும்.

டியூப் போட்ட டயர்தான் வாங்கினேன், ரேடியலுக்கான டியூபோடு. டியூப்லெஸ் ஆணி குத்தினால் மெதுவாக இறங்கும், தார் ரோட்டுக்கு அதுவே நல்லது. ஆனால் தோட்டத்துக்குள் டிஸ்க் விளிம்பு லேசாக நசுங்கினாலே டியூப்லெஸ் காற்றை விட்டுவிடும். டியூப் இருந்தால் ஊர் வந்து சேரலாம். மாற்று டியூப் ஒன்று சீட்டுக்குப் பின்னால் எப்போதும் கிடக்கிறது.

சட்டத்தையும் சொல்லியாக வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவை வைத்து, கம்பெனி கொடுத்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தீர்ப்புச் சொன்னது. அந்த வழக்கே கேரளத்திலிருந்து போனதுதான். அதனால்தான் கம்பெனி வரிசையிலேயே இருக்கிற அளவைத் தாண்டி நான் போகவில்லை. அப்படியும், உங்கள் மாடலுக்கு எந்தெந்த அளவு அனுமதி என்று டீலரிடம் காகிதமாக வாங்கி ஆர்.சி.யோடு வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்றையும் அழுத்தமாகச் சொல்கிறேன்: டயர் பலமானதால் ஏற்றலாம் என்கிற பாரம் ஒரு கிலோகூட அதிகமாகிவிடாது. ஆர்.சி.யில் உள்ள எடைதான் எடை. ஆக்சிலும் ஸ்பிரிங் பட்டையும் பிரேக்கும் பழையவைதானே. அதிக பாரத்துக்கு அபராதம் 20,000 ரூபாய், அதற்கு மேல் கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் 2,000. ஆனால் அபராதத்தைவிட அந்த 17 வளைவுகளை நினைத்துப் பாருங்கள்.

தேய்மானம் எதிர்பார்த்ததைவிட நன்றாகவே இருக்கிறது. பக்கச் சுவரில் கீறல்கள் உண்டு, புடைப்பு ஒன்றும் வரவில்லை. எனக்கு இந்தச் செலவு நியாயம் என்று தோன்ற அதுவே போதும். முன் டயர்கள் வெளி ஓரத்தில் சீக்கிரம் தேய்கின்றன. கொண்டை ஊசி வளைவில் ஓடுகிற எல்லா வண்டிக்கும் உள்ளதுதான் இது. அலைன்மென்ட் பார்த்து, முன்னும் பின்னும் மாற்றி மாட்டிவந்தால் சமாளிக்கலாம். விதிப்படி பட்டன் (டயரின் மேல் ரப்பர் கட்டிகள்) ஆழம் 1.6 மி.மீ. வரை ஓடலாம். பள்ளத்துக்குள் இருக்கும் சின்ன மேடு பட்டனின் மேல்பக்கத்தோடு சமமானால் அந்த அளவு வந்துவிட்டது என்று தெரிந்துகொள்ளலாம். நான் அதுவரை விடுவதில்லை. மழையும் பனியும் சேர்ந்த மலைச்சாலைக்கு 3 மி.மீ. வந்தாலே முன் டயரை மாற்றிவிட வேண்டும் என்பது என் கருத்து.

வாங்கும்போது டயரில் நீள்வட்டத்துக்குள் இருக்கும் நாலு எண்ணைப் பாருங்கள். 2324 என்றால் 2024ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. விலை குறைத்துத் தருகிறேன் என்று இரண்டு மூன்று வருடம் கடையில் கிடந்த டயரைத் தலையில் கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். நான் வாங்கியபோது ஜி.எஸ்.டி. 28 சதவீதம். 2025 செப்டம்பர் 22 முதல் அது 18 ஆகிவிட்டது, இனி வாங்குகிறவர்களுக்கு அந்த வகையில் லாபம்.

ரீட்ரேடிங் (தேய்ந்த டயருக்குப் புது ரப்பர் ஒட்டுவது) பற்றிப் பலர் கேட்கிறார்கள். ஸ்டீயரிங் பிடிக்கிற முன் சக்கரத்துக்கு மலை ஓட்டத்தில் ரீட்ரேடிங் டயர் வேண்டவே வேண்டாம். பின்னால், பக்கச் சுவரில் ஆழமான வெட்டு இல்லாமல், உள்பக்கம் தடவிப் பார்த்து நெருடல் இல்லாமல் இருந்தால் ஒருமுறை போடலாம். காய் எடுப்பு முடிந்து ஓட்டம் குறைகிற மாதத்தில் என் பின் டயர் இரண்டையும் கழற்றி உள்ளே பார்த்துவிட்டு முடிவு செய்ய இருக்கிறேன். முன்னால் போடப்போகிற இரண்டும் புதிதுதான், அதே அளவு, அதே பிளை.