கான்பன் பலகை: சில ஆண்டுகள் பயன்படுத்திய பிறகு

இரண்டு வாரத்துக்கான வேலையை முன்பே குறித்துக்கொண்டு முடிக்கும் ஸ்பிரிண்ட் முறையை விட்டுவிட்டு, எங்கள் மென்பொருள் குழு கான்பனுக்கு மாறிச் சில ஆண்டுகள் ஆகின்றன. கான்பனில் ஒவ்வொரு வேலையும் ஓர் அட்டை; பலகையில் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு பத்தி; வேலை நகர நகர அட்டையும் இடமிருந்து வலமாக நகரும். ட்ரெல்லோ, ஜிரா என்ற இரண்டு செயலிகளிலும் பலகை வைத்துப் பார்த்துவிட்டோம். எதில் வைத்தாலும் அட்டையை இழுத்துப் போடுவது ஒரே நாளில் பழகிவிடும். பழகாதது வரம்புதான்.

ஒவ்வொரு கட்டத்திலும் இத்தனை அட்டைகளுக்கு மேல் நிற்கக் கூடாது என்பதுதான் அந்த வரம்பு, அதாவது விப் லிமிட். கோடிங்கில் 4, எழுதிய கோடை இன்னொருவர் படித்துச் சரிபார்க்கும் ரிவியூவில் 2 என்று வைத்திருக்கிறோம். ரிவியூ நிரம்பிவிட்டால், கோடிங்கை முடித்தவர் அட்டையைத் தள்ளிவிட்டுப் புதிதாக ஒன்றை எடுக்க முடியாது. அடுத்தவர் எழுதியதைப் படித்து அனுப்பிவிட்டுத்தான் வர வேண்டும். "அப்போ நான் சும்மா உட்காரவா?" என்ற கேள்வி ஆரம்பத்தில் தினமும் வந்தது. எல்லோர் கையும் ஓயாமல் இருந்தால்தான் வேலை நடக்கிறது என்ற நினைப்பு லேசில் போவதில்லை.

அந்த நினைப்பை அசைத்தது ஒரு எளிய கணக்கு. ஜான் லிட்டில் 1961-ல் நிரூபித்த விதி அது. வாரத்துக்கு 5 அட்டைகள் முடிக்கும் குழுவின் கையில் 20 அட்டைகள் இருந்தால், ஒவ்வொன்றும் முடியச் சராசரியாக 4 வாரம் ஆகும். முடிக்கும் வேகம் அப்படியே இருக்க, கையிலிருப்பதை 10 ஆகக் குறைத்தால் 2 வாரம். யாரும் கூடுதலாக உழைக்க வேண்டியதில்லை. கான்பன் பிறந்த டொயோட்டா தொழிற்சாலையில் டாய்ச்சி ஓனோ வளர்த்த முறையும் தேவைக்கு மேல் முன்கூட்டியே செய்து குவிக்காதே என்பதுதான். வரம்பு இல்லாமல் மூன்று பத்தி மட்டும் போட்டு வைத்திருப்பதைக் கான்பன் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நாங்கள் செய்த இன்னொரு நல்ல மாற்றம், கோடிங் பத்தியை 'நடக்கிறது', 'முடிந்து காத்திருக்கிறது' என்று இரண்டாகப் பிரித்தது. அதுவரை கோடிங்தான் தாமதம் என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தோம். பிரித்த பிறகு பார்த்தால், அட்டைகள் அதிக நேரம் ரிவியூவுக்காகச் சும்மா காத்துக் கிடந்தன. தினசரிக் கூட்டமும் மாறியது. நேற்று என்ன செய்தாய் என்று ஆளாளுக்குக் கேட்பதில்லை. பலகையின் வலது ஓரத்திலிருந்து தொடங்கி, நகராத அட்டைகளை மட்டும் பேசுகிறோம்.

குறைகளும் உண்டு. அவசர வேலைக்கென்று தனி வரிசை வைத்தால், மெல்ல மெல்ல எல்லாமே அவசரமாகிவிடும். அதனால் அங்கே ஒரு நேரத்தில் ஒரே அட்டைதான். மேலதிகாரி கேட்டாலும் அதுதான். வெளியாரின் பதிலுக்காக நிற்கும் அட்டைகளுக்கு இன்னும் சரியான வழி கிடைக்கவில்லை. வரம்பில் சேர்த்தால் இடத்தை அடைக்கின்றன, சேர்க்காவிட்டால் மறந்துபோகின்றன.

"எப்போது முடியும்?" என்பவர்களுக்கு, முன்பு இதே மாதிரி வேலைகளில் 85 சதவீதம் எத்தனை நாளுக்குள் முடிந்தன என்று எடுத்துச் சொல்கிறோம். சிலருக்கு அது போதும். தேதி குறித்து ஒப்பந்தம் போட்ட திட்டத்துக்குப் போதாது, தனியாக ஒரு கால அட்டவணை வேண்டும். பராமரிப்பு, பிழை திருத்தம், நாளுக்கு நாள் முன்னுரிமை மாறும் வேலை என்றால் நான் தயங்காமல் கான்பனைத்தான் எடுப்பேன்.