கூரைக்குள்ளா, சாலையிலா? காற்றோடு இருவிதப் போட்டி

2022 அக்டோபரில் சுவிட்சர்லாந்தின் கிரென்ஷென் உள்ளரங்கில் இத்தாலிய சைக்கிள் வீரர் பிலிப்போ கன்னா ஒரு மணி நேரத்தில் 56.792 கி.மீ. சைக்கிள் ஓட்டிச் சாதனை படைத்தார். அங்கே பக்கக்காற்று கிடையாது. முன்சக்கரத்தையும் ஆரக்கால் தெரியாமல் மூடிவிடலாம். அரங்கைச் சூடாக்கினால் காற்றின் அடர்த்தி குறையும், வேகம் கூடும். பிரேக் இல்லை, கியர் மாற்றமும் இல்லை. குனிந்த உடல் கடைசிவரை அப்படியே இருக்க வேண்டும். கழுத்துக்கு அது பெரும் வதை.

சாலையில் காற்று சாய்வாகவும் மோதும். மூடிய முன்சக்கரம் என்றால் கைப்பிடியையே திருப்பிவிடும். அதனால் பின்சக்கரத்தை மட்டும் மூடி, முன்னால் ஆழமான விளிம்புள்ள ஆரக்கால் சக்கரத்தைப் பூட்டுகிறார்கள். திருப்பத்தில் பிரேக் பிடிக்கக் கை நகர்ந்தாலே காற்று மார்பில் அறையும். என்னைக் கேட்டால், இரண்டில் கடினமானது சாலைதான்.