குடியை விட்ட மாணவருக்கு ஏஏ கூட்டமா, கல்லூரித் தோழர் வட்டமா?

பாம்பன், மண்டபம் பக்கத்திலிருந்து கல்லூரிக்குப் போகும் தம்பிகள் சிலர் இதைத்தான் கேட்கிறார்கள். ஏஏ என்றால் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடியை விட நினைப்பவர்கள் கூடிப் பேசி ஒருவருக்கொருவர் துணை நிற்கும் அமைப்பு. வட்டம் என்றால் கல்லூரித் தோழர்களே சேர்ந்து அப்படித் துணை நிற்பது.

செலவு: 1935-ல் அமெரிக்காவில் தொடங்கிய ஏஏவில் கட்டணம் இல்லை, பஸ் காசு மட்டும்தான். வட்டத்துக்கு அதுவும் வேண்டாம்.

ரகசியம்: ஏஏவில் முழுப்பெயர்கூடச் சொல்ல வேண்டியதில்லை. வட்டத்தில் எல்லாரும் தெரிந்தவர்கள், தங்கச்சிமடத்தில் ஒருவர் வாய்விட்டால் பொழுது சாய்வதற்குள் ராமேஸ்வரம் வரை போய்விடும், அந்தப் பயம் நியாயமானதுதான்.

நிலைப்பது: செமஸ்டர் லீவு விட்டால் வட்டம் கலைந்துவிடும். ஏஏவில் பல வருஷம் குடிக்காமல் இருக்கும் அண்ணன் ஒருவர் துணைக்குக் கிடைக்கலாம். ஆனால் ராத்திரி 11 மணிக்குக் குடிக்கத் தோன்றினால் பக்கத்து அறைத் தோழன்தானே வந்து உட்காருவான்?

ஹாஸ்டல்காரருக்கு வட்டம், ஊர்க்கண்ணுக்கு அஞ்சுபவருக்கு ஏஏ. அப்புறம், தினமும் நிறையக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், முதலில் டாக்டரைப் பாருங்கள். 14446 போதைப் பழக்கத்தை விட உதவும் இலவச எண்.